யாரோ கொடுத்துவிட்டுப் போன பில்

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் சனி, ஞாயிறு வந்தால் எனக்குப் படமாக அனுப்பித் தள்ளுவாள். கடற்கரை ஓரத்துக் காபிக் கடை, ஓவியக் கண்காட்சி, மண்பானை வனையச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, மொட்டை மாடியில் யாரோ மைக்கைப் பிடித்து ஜோக் சொல்லும் நிகழ்ச்சி. சில படங்களில் ஓரத்தில் ஒரு ஆண் கை தெரியும். கை மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றில் வாட்ச் இருக்கும், இன்னொன்றில் செப்புக் காப்பு. போனில் ஏதோ ஆப் வழியாக ஆளைப் பார்த்து, பேசிப் பிடித்தால் இன்னொரு தடவை சந்திப்பார்களாம். நான் ஒன்றும் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் அதைப் பற்றி இழுத்துப் பேசியபோதெல்லாம், "அவ சம்பாதிக்கா, அவ ஆளப் பாக்கா, ஒங்களுக்கு என்ன வே?" என்று அவர்கள் வாயை அடைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் இருப்பது பாளையங்கோட்டையில். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. கணவர் போய்ச்சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகள் சென்னையில் நிலைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. எங்கள் ஊர் பெயருக்கு மாநகராட்சி. பாலம் கட்டுகிறார்கள், பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டுகிறார்கள், தெருவுக்கு ஒரு ஜவுளிக்கடை திறக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அல்வாவை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். இங்கேயே குடியிருக்கிற, ஐம்பது தாண்டிய ஒரு பொம்பளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போவாள்? கோயிலுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கல்யாண வீட்டுக்குப் போகலாம், அங்கேயும் நான் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று யாராவது ஒருத்தி கண்ணால் காட்டுவாள். வேறு இடம் ஒன்றையும் இந்த ஊர் எனக்காக யோசித்து வைக்கவில்லை.

அப்போதுதான் திரைப்படச் சங்கம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு சின்ன ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேற்றுமொழிப் படம் காட்டுவார்கள். முன்னால் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் தாடி வைத்த இரண்டு மூன்று பேர், நடுவில் நான். ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். படத்தில் எல்லோரும் மூக்கை உறிஞ்சுகிற இடத்தில் அவர் சிரித்தார். எனக்கு எரிச்சல். முடிந்து டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன், சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று.

"பாடையத் தூக்கிட்டு வாரான்லா, அவன் செருப்ப மாத்திப் போட்டிருக்கான் டீச்சர். வலது காலுது எடது கால்ல. நீங்க கவனிக்கலையா?"

நான் டீச்சர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்ட தோரணையிலேயே தெரிந்துவிட்டதாம்.

அவர் கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கக் குடும்பம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். வண்ணார்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் சைவக் குடும்பம். எங்கள் வீட்டில் மீன் வாசமே ஆகாது. அவர் வீட்டில் மீன் இல்லாத நாள் என்றால் அது பெரிய வெள்ளி மட்டும்தான். அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'டீச்சர்'. இன்றுவரை அது மாறவில்லை. மூன்றாவது படத்துக்குள் நான் வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் புதன்கிழமையிலிருந்தே நினைக்க ஆரம்பித்திருந்தேன். இதற்குப் பெயர் காதல் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படம் மாதத்துக்கு ஒன்று. மற்ற ஞாயிறுகளுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு தடவை பஸ் பிடித்துப் பாபநாசம் போனோம். படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மீன்கள் காலைக் கடித்தன, சார் ஒவ்வொன்றுக்கும் என்ன வகை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே ஒருவர் வந்து, "திதி குடுக்கணுமா? அம்மாவும் ஐயாவும் சேந்தே உக்காந்துக்கிடலாம்" என்றார். இல்லை என்றோம். "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். செத்தவர்களுக்காக ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம், உயிரோடு இருக்கிற தங்களுக்காக உட்காரக் கூடாது. குரங்கு ஒன்று வந்து சாரின் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. அது ஒன்றுதான் எங்களை யார் என்று கேட்கவில்லை.

ஹோட்டல்களின் கதை அதைவிட மோசம். கீழே ஆண்கள் கூட்டமாக நின்று, எந்த இலை காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாடியில் ஏசி அறை, வாசலில் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று பலகை. வாசலில் நிற்கிற ஆள், "ஃபேமிலியா?" என்று கேட்பார். முதல் தடவை நான் திகைத்து நின்றுவிட்டேன். என்ன சொல்ல? ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் கீழே போக வேண்டும். சார்தான், "ரெண்டு பேரும் ஃபேமிலிக்காரங்கதான் தம்பி. குடும்பந்தான் வேற வேற" என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டு வழியை விட்டார். உள்ளே ஒரு குடும்பத்தில் அப்பா போன் பார்க்கிறார், அம்மா போன் பார்க்கிறாள், பிள்ளை போன் பார்க்கிறது. பேசிச் சாப்பிட்டது நாங்கள் மட்டும்தான். பலகையை எங்களுக்காக எழுதினார்களா, எங்களுக்கு எதிராக எழுதினார்களா என்று அன்றைக்கு முழுக்க எனக்குக் கோபம் தீரவில்லை.

அன்றைக்குத்தான் முதல் பில். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கல்லாவில் வந்து நின்றோம். "ஒங்களுக்குக் குடுத்துட்டாவ" என்றார் கல்லாவில் இருந்தவர்.

இது எங்கள் ஊர்ப் பழக்கம், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் எழுந்து வந்து தொந்தரவு செய்ய மாட்டார்கள். தங்கள் பில்லைக் கொடுக்கும்போது அந்த மேசைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். சாப்பிடுகிறவரும் பதிலுக்குக் கையைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் விட்டால் அது பெரிய அவமரியாதை, ஏழு தலைமுறைக்கும் பேசுவார்கள். என் கணவர் இதில் மன்னன். அவரோடு சாப்பிடப் போனால் பாதி நேரம் கையைக் காட்டுவதிலேயே போகும். அந்தப் பழக்கத்தில் அன்பு இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை. "யாரு குடுத்தது?" என்றேன். "ஒரு அண்ணாச்சி. பேரு சொல்லாண்டாம்னுட்டாவ" என்றார். பழைய மாணவன் யாராவது இருப்பான், டீச்சர் முன்னால் வரக் கூச்சப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். சார் மட்டும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

இரண்டாவது, டவுனில் ஒரு சின்ன ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சொதி போடுவார்கள். எங்கள் வீடுகளில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து. தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல். சார் வாழ்நாளில் சாப்பிட்டதில்லையாம். "மீன் இல்லாம இவ்வளவு தேங்காப்பாலா? அநியாயம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் அவ்வளவு சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கல்லாவுக்கு வந்தால், "குடுத்துட்டாவ. பேரு சொல்லாண்டாம்னாவ."

பெயர் சொல்லாமல், கை காட்டாமல் கொடுத்தால் அது விருந்து இல்லை. 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று கதவில் ஒட்டிவிட்டுப் போகிற நோட்டீஸ். சாப்பாட்டை வாங்கிக்கொடுத்தே ஒருத்தியை அவமானப்படுத்த முடியும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தோன்றும். என் சம்பளத்தில் நான் ஒரு வேளை சாப்பிட்டு, என் கையால் கொடுத்துவிட்டு வெளியே வரக்கூட இவர்கள் அனுமதி வேண்டுமா?

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றுவதற்குள் மகள் போனில் வந்துவிட்டாள்.

"எம்மா, சொதி நல்லா இருந்துச்சா?"

"ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"சித்தப்பா சொன்னாவ. ரெண்டு தடவை பாத்தாவளாம், பாபநாசத்துலயும் யாரோ பாத்தாவளாம். யாரும்மா அது?"

ஆக அண்ணாச்சி வேறு யாரும் இல்லை, என் கொழுந்தன். கணவரின் தம்பி, டவுனில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நேரில் பார்த்தால், அண்ணியை எங்கள் பக்கம் கூப்பிடுகிற மாதிரி, "மைனி, மைனி" என்று உருகுவார். என் மேசைப் பக்கம் வந்து, "என்ன மைனி, யாரு இவிய?" என்று கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அதற்குத் தைரியம் இல்லை. பில்லைக் கொடுத்துவிட்டு, சென்னைக்குப் போனைப் போட்டிருக்கிறார்.

அவரை விடுங்கள். மகள் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

"ஃப்ரெண்டுன்னா சரிம்மா. ஆனா ஹோட்டல், பாபநாசம்னு ஊர் பூரா சுத்தணுமா? இந்த வயசுல இதெல்லாம் என்னம்மா? நாளைக்கு எனக்குக் கல்யாணம்னு வந்தா என்ன சொல்லுவாவ?"

எத்தனை கைகளைப் படத்தில் பார்த்தும் வாயைத் திறக்காதவள் நான். அவளுக்கு என்றால் வாழ்க்கை, எனக்கு என்றால் வயசு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். என் வீட்டில் மகளே அந்தக் கணக்கைப் போட்டாள். "ஏட்டி, நீ படம் அனுப்புதல்லா, அதுல இருக்குத கைக்காரனுவ கூட, ஊரு என்ன சொல்லும்னு கேட்டுட்டா போற?" என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, அவ்வளவு கோபம். அழுதிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஒங்களுக்குத்தான் சங்கடம். கொஞ்ச நாளைக்கு வேண்டாமே" என்றார்.

"எது வேண்டாம்?"

"வெளிய போறது. போன்ல பேசிக்கிடுவோம்."

கடலில் காற்றும் மழையுமாகப் படகில் நின்ற கதையெல்லாம் சொன்ன மனுஷர். ஒரு இரும்புக் கடைக்காரர் கொடுத்த இரண்டு பில்லுக்குக் கரையேறிவிட்டார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. அடுத்த படத்துக்கு அவர் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு மனுஷரை ஊர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறது, நான் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படித்தான் இருந்தது எனக்கு.

இந்த நேரத்தில் என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனின் மனைவி, போன் பண்ணினாள். அவர்கள் மகனுக்குப் பெண் முடிவாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம், வருகிற ஞாயிறு அந்த மாடி ஏசி ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடாம்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றேன்.

அவள் தயங்கினாள். "நீங்க வந்தா நல்லதுதான் அக்கா. ஆனா அவிய சொல்லுதாவ, சம்பந்தி வீட்டுல காதுல ஏதும் விழுந்திருந்தா, கேட்டா என்ன சொல்லன்னு. பொறவு பையப் பேசிக்கிடுவோம்னு."

அந்தக் குடும்பத்தில் மூத்த மருமகள் நான். என் கணவர் படிக்க வைத்த தம்பி அவர். அவர் மகனுக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு சாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஹோட்டல், மாடி, நான் சாப்பிடப் போகிறேன், வந்தால் வாருங்கள், வராவிட்டால் இனிமேல் போனும் வேண்டாம். அவரிடமிருந்து பதில் இல்லை.

போனேன். நல்ல பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். மாடியில் பெரிய வட்ட மேசையில் கொழுந்தன், ஓர்ப்படி, மகன், சம்பந்தி வீட்டார். என்னைப் பார்த்ததும் கொழுந்தன் இலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் மூலையில் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்தேன். "ஒரு ஆளா மேடம்?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். "ரெண்டு" என்றேன். சொல்லிவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு இலை போட்டார்கள். எதிர் இலையில் தண்ணீர் தெளித்து, அது காய்ந்தும் போயிற்று. சம்பந்தி அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சோறு வந்துவிட்டது. ஒற்றையாகச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று கையை வைக்கும்போது சார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் வியர்வை.

"மூணு தடவ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன் டீச்சர்" என்றார்.

"உக்காருங்க. சாம்பார் ஆறுது" என்றேன். அவர் இலையில் மறுபடியும் தண்ணீர் தெளித்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டோம். பாயசத்தைச் சார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். வட்ட மேசையில் இன்னும் ஐஸ்கிரீம் வரவில்லை. நான் எழுந்து நேரே கல்லாவுக்குப் போனேன். அதே ஆள்தான். என்னைப் பார்த்ததும் அவசரமாக, "இன்னைக்கு யாரும் குடுக்கல மேடம்" என்றார்.

"தெரியும். எங்களுதும் அந்த வட்ட மேசையும் சேத்துப் போடுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் காட்டாமல் பில்லை அடித்தார். "யாரு குடுத்ததாச் சொல்ல? இல்ல, பேரு சொல்லாண்டாமா?"

மைனி என்று சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சோம்புத் தட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்த சார் முன்னால் வந்து, பர்ஸை எடுத்துக் கல்லா மேல் வைத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் குடுத்ததாச் சொல்லுங்க. நல்லாச் சத்தமாவே சொல்லுங்க அண்ணாச்சி. இங்கனதான் நிக்கோம்."

பரிமாறுகிறவர் போய் வட்ட மேசையில் சொன்னார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நாங்கள் வாசலில் நின்று, ஊர் வழக்கப்படி, கையைக் காட்டினோம். சாரும் காட்டினார். சம்பந்தி வீட்டு அப்பா உடனே சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். பெரியவர்கள் விருந்து கொடுத்திருக்கிறார்கள், தூக்காமல் இருப்பாரா? சம்பந்தி அம்மாள் தூக்கினாள். என் ஓர்ப்படி சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கினாள். கொழுந்தன் மட்டும் கை இலையில் இருக்க என்னையே பார்த்தார். நான் காட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. சம்பந்தி ஏதோ கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். கடைசியில் மனுஷர் எழுந்தே நின்று, எங்கள் இரண்டு பேருக்கும் கையைக் காட்டினார்.

படியிறங்கி ஸ்கூட்டர் பக்கம் வருவதற்குள் போன் அடித்தது. மகள். எங்கள் ஊரில் சேதி அவ்வளவு வேகம். அடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எடுத்தேன்.

"எம்மா, சித்தப்பா..."

"சித்தப்பாக்கு நாங்க சாப்பாடு வாங்கிக் குடுத்தோம்" என்றேன். "சாரு இங்கனதான் பக்கத்துல நிக்காவ. இந்தா, பேசு."